மேளத்தின் பின்வரிசையில் நின்றவரின் வரலாற்றை எழுதிவைப்பது எப்படி

திருவையாற்றில் ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று பாடகர்களும் வாத்தியக்காரர்களும் காவிரிக் கரையில் எதிரெதிர் வரிசைகளாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். 1847இல் மறைந்த தியாகராஜரை ஊர் மறக்காமல் இருப்பதற்கு அவருடைய இசையின் மேன்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கென்று ஒரு நாள் இருக்கிறது. அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அவருடைய பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இவற்றுள் இடம் தானாக அமைந்துவிடவில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்குத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டடம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் அவர் அந்த வேலையைச் செய்து முடித்தார். அவருடைய சிலையும் இன்று அங்கேயே இருக்கிறது. ஆக, பெரிய கலைஞரின் நினைவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயரைச் சொன்னதும் தோடி ராகத்தை நினைக்காத முதியவர்கள் காவிரிப் படுகையில் குறைவு. மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் (1910–1959) நடித்த படம் ஒன்றைக்கூடப் பார்க்காத இளைஞர்களும் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் பெரிய மேளம் என்பது ஒருவர் வாசிப்பது இல்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஓர் ஒத்து, ஒரு தாளம் என்று ஒரு செட்டில் ஆறு பேராவது நிற்பார்கள். இவர்களில் ஒத்துக்காரர், சுவாமி புறப்பாடு நான்கு வீதியும் சுற்றி முடிகிறவரை, கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே சுருதியை அறுபடாமல் ஊதிக்கொண்டே நடப்பார். அவர் நிறுத்தினால் மற்றவர்கள் நிற்கத் தரை இல்லை. அப்படி ஊதியவர்களின் பெயர்கள் இசைத்தட்டின் லேபிளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை; கல்யாணப் பத்திரிகையில் அச்சாகவில்லை; சுருதிப் பெட்டி வந்து அந்த வேலையே அருகிப்போன பிறகு, பேரன்மாருக்குக்கூடத் தாத்தா என்ன வாசித்தார் என்பது சரியாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை ஊரில் இருப்பவர் எவரும் முறையாக எழுதிவைக்க முடியும். ஒத்துக்காரரை நான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்; உங்களுக்கு அவர் நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவராகவோ, நடவுப் பாட்டை எடுத்துக்கொடுத்த அம்மாவாகவோ, வாய்க்கால் தலைப்பில் மதகு திறந்தவராகவோ இருக்கலாம். முறை ஒன்றுதான்.

முன்மாதிரி தஞ்சைக் கல்லில் இருக்கிறது

இந்த வேலைக்கு மாதிரி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) நானூறு பேரைப் பெயர் பெயராகக் குறிக்கிறது. எந்தத் தளிச்சேரி, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, அவருக்குப் பங்கு எவ்வளவு என்பதே வரிசை. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதையும் ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. அவர்களுக்கு அடுத்தபடியாக நட்டுவம் செய்பவர், பாடுபவர், உடுக்கை வாசிப்பவர், கணக்கெழுதுபவர், தச்சர், தட்டார், தையற்காரர், நாவிதர், துணி வெளுப்பவர் என்று கோயிலுக்கு வேலை செய்த பலரும் வருகிறார்கள். ஒருவர் இறந்துபோனாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற ஏற்பாடும் அதிலேயே உண்டு.

இந்தக் கல்வெட்டில் ஒரு பாராட்டுச் சொல்கூட அந்தப் பெண்களுக்கு இல்லை. ஆனாலும் ஆயிரம் ஆண்டுகள் கழித்து அவர்கள் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது. இதற்கு நேர்மாறாக, இன்று தெருமுனையில் வைக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் பாருங்கள்: ஆலமரமே, குலவிளக்கே, எங்கள் தெய்வமே என்று நான்கு வரிகள் இருக்கும், இறந்தவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வரி இருக்காது. நீங்கள் எழுதப்போவது கல்வெட்டின் வழியில் அமைய வேண்டும். பெயர், தாய் தந்தையர், பிறந்த ஊர், குடியிருந்த தெரு, கற்றுக்கொண்ட இடம், செய்த வேலை, வாங்கிய கூலி, உடன் வேலை செய்தவர்கள், அவருக்குப் பிறகு அந்த வேலையை யார் செய்தார் அல்லது எப்படி நின்றுபோனது — இவை கிடைத்துவிட்டால் பாராட்டு இல்லாமலே ஆள் எழுந்து நிற்பார்.

யாரிடம், எதை, எப்படிக் கேட்பது

முதலில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஊர்க் கலைஞர்கள் அனைவரையும் பற்றி எழுதுகிறேன் என்று தொடங்குகிறவர்கள் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். உயிரோடு இருப்பவராக இருந்தால் நல்லது. இறந்துவிட்டவர் என்றால் அவரோடு வேலை செய்த ஒருவராவது பேசும் நிலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். நடவும் அறுவடையும் நெருக்கும் நாட்களில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். மேளக்காரர் வீடு என்றால் ஆடியும் மார்கழியும் ஏற்ற மாதங்கள். முகூர்த்தம் இல்லாததால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மார்கழியில் மட்டும் விடியற்காலைக் கோயில் முறை இருக்கும், ஆகவே பிற்பகலில் போக வேண்டும்.

‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பதில் வராது. பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“ஒத்து ஊதுனவன்கிட்ட என்னத்தத் தம்பி கேக்கப்போறீங்க? செட்டுக்காரர் பேரைச் சொன்னா நாலு ஜனத்துக்குத் தெரியும். எங்களையெல்லாம் யாருக்குத் தெரியும்?”

“இல்லைங்க தாத்தா, அந்த ஒத்தைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்களேன், பார்ப்போம்.”

பொருள் கைக்கு வந்ததும் பேச்சு தானாக வரும். உறையை அவிழ்க்கும்போதே இதைச் செய்து கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை இந்தக் காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. அந்த ஊர் வாத்தியத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளைக்கு நாதஸ்வரத்தை மாற்றியமைத்துக் கொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் பெயர், வாசித்தவர் பெரியவர் என்பதனால் நமக்குத் தெரிகிறது. மற்ற ஆசாரிகளின் பெயர்களை இப்படிப்பட்ட உரையாடலில்தான் பிடிக்க முடியும். ஒத்தில் விரலுக்கு வேலை இல்லை. அடிப்பக்கத்தில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிக்கட்டுவார்கள். எந்தத் துளையில் மெழுகு இன்னும் ஒட்டியிருக்கிறது, அது தேன்மெழுகா, வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குக் கொறுக்கைத் தட்டை எந்தப் படுகையில் வெட்டியது, அதை யார் கட்டிக் கொடுத்தார்கள், ஒரு சீவாளி எத்தனை கச்சேரி தாங்கியது என்று கேளுங்கள். தவில்காரர் என்றால் விரல்களில் மாட்டும் கூட்டை யார் செய்தார்கள் என்று கேளுங்கள்; பல வீடுகளில் அதற்குப் பசை காய்ச்சியவர் மனைவி என்று தெரியவரும், அப்போது நீங்கள் எழுத வேண்டிய ஆள் இருவராகிவிடுவார்கள்.

கூலியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதல் கச்சேரிக்கு என்ன கிடைத்தது, காசாகவா நெல்லாகவா, நெல் என்றால் எத்தனை மரக்கால், செட்டுக்குக் கிடைத்த தொகையில் ஒத்துக்கு எவ்வளவு பிரித்தார்கள், அச்சாரம் யார் கையில் போனது, முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பவை பலரும் கேட்காமல் விடும் கேள்விகள். தஞ்சை வட்டாரத்தில் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் சொல்லும் அளவை அப்படியே எழுதுங்கள்; கிலோவாக மாற்றுவதை அடைப்புக்குள் செய்துகொள்ளலாம். பண்ணையாளாக இருந்தவர்களிடம் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்களைப் பற்றிய காகிதம் மிகக் குறைவு, கூலி நெல்லின் அளவு மட்டும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மறக்காமல் இருக்கும்.

வீதிகளையும் கேட்க வேண்டும். புறப்பாட்டில் எந்த இடத்தில் மல்லாரி (சுவாமி புறப்படும்போது வாசிக்கும் உருப்படி) தொடங்கும், எந்த முனையில் சுவாமி நிற்கும், யார் வீட்டு வாசலில் மோர் கிடைக்கும், எந்த வீதியில் மேளக்காரர்களைத் திண்ணையில் உட்காரவிடமாட்டார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் விடையைக் குரல் மாறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் பாதிப் பேச்சு போய்விடும். மடித்த துண்டின் மேல், பேசுபவர் பக்கமாக வையுங்கள். ஒலிப்பதிவு இருக்கிறதே என்று குறிப்பெடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அங்கேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, எழுத்துப் பிழை இல்லாமல் உறுதிசெய்துகொள்வது நல்லது.

வீட்டிலேயே கிடக்கும் ஆவணங்கள்

புகழ்பெற்றவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. மற்றவர்களைப் பற்றிய எழுத்து வேறு இடங்களில் கிடக்கிறது. அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அடியில் நாதஸ்வரம், தவில் யார் என்று அச்சிடும் வழக்கம் இருந்தது. கோயில் திருவிழா நோட்டீசில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் உபயதாரர் பெயரோடு மேளக்காரர் பெயரும் இருக்கும். இவற்றைப் பெட்டியின் அடியில் விரித்துவைத்திருப்பவர்கள் உண்டு. சாமி படத்தின் பின்பக்க அட்டையாகவும் பார்க்கலாம். ஒத்துக்காரரின் பெயர் இதில் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் எந்தச் செட்டு எந்த ஆண்டு எந்த ஊரில் வாசித்தது என்பது உறுதியாகும். அந்தச் செட்டில் அவர் இருந்தார் என்பதை மற்றொருவரின் வாய்மொழி உறுதிசெய்யும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் மொய் நோட்டு. திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தவர்கள் ஒவ்வொருவரின் ஊரும் பெயரும் தொகையும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் வேறுபடுத்துவதற்காகத் தகப்பனார் பெயரோ, தெருவோ, தொழிலோ சேர்க்கப்பட்டிருக்கும். கணக்குத் தப்பினால் உறவு கெடும் என்பதனால் இதைப்போலக் கவனமாக எழுதப்பட்ட குடும்ப ஆவணம் வேறு கிடையாது. செட்டுக்காரர் வீட்டுக் கல்யாண நோட்டில் ‘ஒத்து’ என்று பக்கத்தில் குறித்து ஒருவர் இரண்டு ரூபாய் எழுதியிருப்பதைக் கண்டால், அவர் அந்த ஆண்டு உயிரோடு இருந்தார், இந்த ஊரில் இருந்தார், இந்த வேலையில் இருந்தார், செட்டுக்காரரோடு உறவு முறியவில்லை என்று நான்கு செய்திகள் ஒரே வரியில் கிடைத்துவிடும். மொய்ப் பணத்தின் அளவை வெளியிடுவதற்கு மட்டும் நோட்டுக்கு உரியவரிடம் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். அது இன்றும் நடப்புக் கணக்கு.

அடுத்தது பாத்திரம். எவர்சில்வர் குடத்திலும் பித்தளை அண்டாவிலும் பெயர் வெட்டும் வழக்கம் நம் பெண்களின் ஆவணக் காப்பகம் என்றே சொல்லலாம். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெண்ணின் பெயரும், பல நேரங்களில் தேதியும், கொடுத்தவரின் பெயரும் தெரியும். தேய்த்துத் தேய்த்து மங்கியிருந்தால் சிறிது மாவைத் தடவித் துடைத்தால் எழுத்துப் பள்ளங்களில் மட்டும் வெள்ளை நின்று படிக்க முடியும். எந்தக் கோயில் ஆவணத்திலும் இல்லாத ஒரு மேளக்காரர் மனைவியின் பெயர், சம்பந்தி வீட்டார் கொடுத்த தவலையில் இருக்கும். கோயில் மண்டபத்தில் குழல்விளக்கிலும் மின்விசிறி இறக்கையிலும் உபயம் என்று எழுதியிருக்கும் பெயர்களையும் இதே காரணத்துக்காகப் படித்து வையுங்கள். அதில் விளக்கின் வெளிச்சம் பாதி போய்விடுகிறதே என்ற குறை வேறு விஷயம்.

புகைப்படங்களின் பின்புறத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. ஸ்டூடியோவின் முத்திரை ஊரையும் ஏறத்தாழக் காலத்தையும் காட்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரை மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதலாம்; பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறிவரும்.

அலுவலக ஆவணங்களில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, குடும்ப அட்டை, பிறப்பு இறப்புச் சான்று, நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை, சிலருக்குக் கோயில் சம்பளப் பட்டி ஆகியவை கிடைக்கும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மாயவரம் 1982இல்தான் மயிலாடுதுறை ஆயிற்று. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாயின; 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. ஆகவே ஒரே வீட்டில் பிறந்த தாத்தா, அப்பா, பேரன் மூவரின் சான்றிதழ்களும் மூன்று மாவட்டங்களைக் காட்டக்கூடும். ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் குறியுங்கள்; திருத்தி எழுதிவிட்டால் பின்னால் தேடுபவருக்கு வழி அடைபட்டுவிடும்.

காலத்தைப் பிடிப்பது

நம் முதியவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சியைச் சொல்வார்கள். புகழ்பெற்றவர்களின் நினைவு பெயர் இல்லாதவர்களுக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான். ‘எம்.ஜி.ஆர். செத்தப்ப இவன் வயித்துல’ என்றால் 1987 டிசம்பர் என்று எழுதிக்கொள்ளலாம். ‘ராஜரத்தினம் போன வருஷம் கும்பகோணத்துல மகாமகம்’ என்பது 1956; இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில் வருவதனால் அந்த நினைவு சரியானது என்பதும் தெரிந்துவிடுகிறது. நட்சத்திரங்களின் மரணத்தை ஊர் காலண்டராக வைத்துக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் காலண்டரில் நம் ஆளின் நாளைக் குறிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மகாமக ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1945, 1956, 1968, 1980, 1992, 2004, 2016. புயல்களும் உதவும். நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல்களில் 1952 நவம்பரும் 1977 நவம்பரும் முதியவர்களின் பேச்சில் அடிக்கடி வரும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் 2018 நவம்பர் கஜா புயலும் எல்லோருக்கும் தெரியும். மிக வயதானவர் என்றால் மேட்டூர் அணை வந்த 1934ஐக் கொண்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேட்கலாம்.

சாதக நோட்டில் ஆண்டுப் பெயர் இருந்தால் எச்சரிக்கை தேவை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பராபவ என்று கண்டிருந்தால் அது 1906–07ஆகவும் இருக்கலாம், 1966–67ஆகவும் இருக்கலாம்; ஒருவரின் சாதகத்தில் இது குழப்பாது, ஆனால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் வைக்கும் குடும்பங்களில் நோட்டு யாருடையது என்பதே மாறிப்போகும். மூத்த பிள்ளையின் வயதோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள். இறந்த நாளைப் பல வீடுகளில் திதியாக மட்டுமே வைத்திருப்பார்கள். மாதமும் பிறையும் திதியும் ஆண்டும் தெரிந்தால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைக் கொண்டு ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு இரண்டையும் எழுதுங்கள். உறுதியாகாத ஆண்டுக்கு ‘ஏறத்தாழ’ என்று போட்டு, எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதையும் சேர்த்துவிட வேண்டும்.

கேட்டும் எழுதாமல் விட வேண்டியவை

நினைவுகூர்வது எப்போதும் நன்மை என்று நான் நினைக்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அதற்காக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அந்தப் பின்னணியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பாட்டியின் சதிர் ஆட்டத்தைப் பற்றிப் பேச விரும்பாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கலை மேன்மையைச் சொல்கிறேன் என்று அவர்களை வற்புறுத்த உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. பாட்டி பாடிய பதத்தின் முதல் அடியை மட்டும் குறித்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தால், அதை மட்டும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

உயிரோடிருப்பவரின் கடன், நோய், குடி, குடும்பச் சண்டை ஆகியவற்றை அவருடைய ஒப்புதல் இல்லாமல் எழுதக் கூடாது. அதே சமயம் அவருக்கு நேர்ந்த அவமதிப்பை அவரே சொல்ல விரும்பினால் மென்மையாக்க வேண்டாம். திண்ணையில் உட்காரவிடவில்லை என்று அவர் சொன்னால் ‘மரியாதைக் குறைவு ஏற்பட்டது’ என்று எழுதாதீர்கள்; திண்ணையில் உட்காரவிடவில்லை என்றே எழுதுங்கள். எந்த வீடு என்ற பெயரை மட்டும் விட்டுவிடலாம்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கொல்லப்பட்ட 44 பேரும் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தினர், மேடையேறியவர்கள் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு நினைவிடமும் ஆண்டுதோறும் நினைவு நாளும் இருப்பதற்கு ஓர் இயக்கம் விடாமல் நின்றது காரணம். அங்கேயும்கூட, அவர்கள் ஒவ்வொருவரும் இறப்பதற்கு முந்தைய நாள்வரை எப்படி வாழ்ந்தார்கள் என்பது, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைவிட மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. பேரிழப்பில் மாண்டவர்களைப் பற்றி எழுதுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எழுதுவது

உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதியபோது, கவிதைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், உடன் படித்தவர்கள், ஆதரித்தவர்கள், தங்கிய ஊர்கள் என்று சிறிய பெயர்களையும் விடாமல் குறித்தார். அந்தப் பெயர்களில் பல அங்கே மட்டுமே உயிரோடு இருக்கின்றன. நீங்களும் உங்கள் ஆளைச் சுற்றியிருந்தவர்களை விடாதீர்கள். அவருடைய வரலாறு மற்ற பத்துப் பேருக்கும் இருப்பிடமாக அமையும்.

‘கலைத்தாயின் தவப்புதல்வராய்த் தோன்றிய’ என்று தொடங்கும் கை தானாக வரும், அதை அடக்குங்கள். ‘1952 புயலுக்கு முந்தைய ஐப்பசியில், நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் தாளம் போட்டவர். பன்னிரண்டாம் வயதில் தாய்மாமன் செட்டில் ஒத்துக்குச் சேர்ந்தார். கன்னம் பழகுவதற்கு ஒரு கோடை ஆயிற்று’ என்ற வகையில் போனால் படிப்பவர் நம்புவார். செட்டுக்காரரின் புகழைச் சொல்லி அதன் நிழலில் உங்கள் ஆளை நிறுத்துவது எளிது. முதல் இரண்டு பக்கங்களுக்குள் புகழ்பெற்றவரின் பெயர் வராமல் எழுதிப் பாருங்கள். வந்தே ஆக வேண்டுமென்றால் ‘இன்னாருக்கு ஒத்து ஊதியவர்’ என்று எழுதாமல், ‘இவர் ஒத்து ஊதிய செட்டில் இன்னார் வாசித்தார்’ என்று எழுதுங்கள். சற்றே அடாவடியாகத் தோன்றினாலும் இந்த வரிசைமாற்றம் கட்டுரை முழுவதையும் நேராக நிறுத்திவிடும்.

பேச்சை மேற்கோளாகத் தரும்போது அவருடைய வழக்கிலேயே தர வேண்டும். ஒரே நிகழ்ச்சியை இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது எது என்று குறித்தால் போதும். தீர்ப்பு வழங்குவது உங்கள் வேலை இல்லை. எழுதி முடித்ததும் அவருக்கோ அவர் வீட்டாருக்கோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண் பார்வை மங்கியவர்களுக்கு இது மரியாதை. உங்களுக்கு இது பிழைத்திருத்தம்.

காப்பது

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே குறிப்பிடத்தக்கமை என்ற விதி உண்டு. முன்பே வெளியான நம்பகமான எழுத்து இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. அந்த விதியைக் குறைசொல்லிப் பயனில்லை, அது கலைக்களஞ்சியத்தின் இயல்பு. ஆகவே உங்கள் எழுத்து முதலில் வேறு இடத்தில் வெளியாக வேண்டும்: ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்ச் சிற்றிதழ் எதுவானாலும் சரி. கோப்பையும் ஒலிப்பதிவையும் இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றிவைக்கலாம், வீட்டார் சம்மதித்தால். கோப்புக்குப் பெயரிடும்போது ‘தாத்தா பேட்டி புதுசு’ என்று விட்டுவிடாமல் ஊர், தொழில், ஆண்டு மூன்றையும் பெயரிலேயே வையுங்கள்.

அச்சுப் படி கட்டாயம் வேண்டும். கைப்பேசி மாறும்போது அழிந்துபோன பேட்டிகளைக் கணக்கிட முடியாது. நல்ல தாளில் சில படிகள் எடுத்து, ஒன்றை வீட்டாருக்கும், ஒன்றை ஊர்ப்புற நூலகத்துக்கும், ஒன்றைப் பள்ளிக்கும், கோயிலில் வேலை பார்த்தவர் என்றால் ஒன்றைக் கோயில் அலுவலகத்துக்கும் கொடுங்கள். கட்டுரையில் பெயர் வந்திருக்கும் மற்றவர்களின் வீடுகளுக்கும் ஒவ்வொரு படி போக வேண்டும்.

கடைசியாக நாள். தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறோம். நான்காவது தலைமுறை அந்த வரிசையிலிருந்து இறங்கிவிடுகிறது. ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ காவிரித் துறைக்குப் போய்த் திரும்பும் வீட்டில், அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளில் ஒருவரைப் படிக்கச் சொல்லலாம். திதி தெரிந்த வீட்டில் அந்தத் திதியிலேயே படிக்கலாம். படிக்கும்போது யாராவது ‘அது அப்படியில்ல, மாமன் செட்டுல இல்ல, சித்தப்பா செட்டுல’ என்று குறுக்கிடுவார்கள். அதற்காகவே ஒவ்வொரு படியின் இறுதியிலும் இரண்டு தாள்களை வெறுமையாக விட்டுத் தைத்து, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு எழுதிக்கொள்ள ஒரு பென்சிலையும் நூலில் கட்டிவிடுங்கள்.